டீசல் என்று சொன்ன வாய்

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பழைய பங்களா ஒன்றை உல்லாச விடுதியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த விடுதியின் பாய்மரப் படகைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர் செல்லசாமி. வெள்ளை வெளேரென்று பாய் விரித்து அந்தப் படகு போகும்போது, மேலே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள்கூட ஒரு நிமிடம் கை ஓய்ந்து பார்ப்பார்கள். ஆனால் பாயை மட்டும் நம்பி அங்கே படகு ஓட்ட முடியாது. பகல் ஏறினால் மலைகள் மறைத்துக் காற்று விழுந்துவிடும். பிறகு கரை சேர்ப்பது, படகின் வயிற்றுக்குள் இருக்கும் பெட்ரோல் எஞ்சின்தான்.

அதைக் கிளப்புமுன் செல்லசாமி செய்கிற காரியம் ஒன்று உண்டு. பலகை மூடியைத் திறப்பார். மண்டியிடுவார். தலையை உள்ளே விட்டு மூச்சை ஆழமாக இழுப்பார். பெட்ரோல் ஆவி கனமானது; எங்கேயாவது கசிந்தால் படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு சின்னப் பொறி போதும்.

"படகுக்குப் பூசை முடிஞ்சிருச்சா? சூடம் கொண்டாரவா?" என்று தோட்டக்காரன் ஜெயகாந்தன் தினமும் கேலி செய்வான்.

"நீ சூடம் கொளுத்தினா எல்லாரும் ஒண்ணா சாமிகிட்ட போயிருவோம்டா!" என்பார் செல்லசாமி.

அந்த மூக்குதான் அவருக்குச் சோறு போட்டது. கொரோனாக் காய்ச்சல் வந்த வருடத்தில் அந்த மூக்கு செத்துப்போனது! மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில் வாசனை திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை. கருவாடு கருகினாலும் தெரியாது. ஆலையில் தேயிலை காயும் மணமும் தெரியாது.

இது மனைவி நாகலெட்சுமிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். வெளியே சொல்ல முடியுமா? அவளுக்கு வயதாகிவிட்டதென்று தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். அவளுக்கென்று தோட்டத்தில் இருந்த ஒற்றை லயத்துக் காம்பராவில் இப்போது அவள் தம்பி குடும்பம் ஆறு பேராக நெருக்கிக்கொண்டு இருக்கிறது. செல்லசாமிக்கும் அவளுக்கும் மிச்சம், படகுக் கொட்டகைக்குப் பின்னால் விடுதி கொடுத்த ஒற்றை அறை. வேலை போனால் அந்த அறையும் போகும்.

அதனால் அவளே அவருக்கு மூக்கானாள். தினமும் காலையில் பிளேன்டீ கொண்டுவருகிற சாக்கில் படகுத்துறைக்கு வருவாள். மூடி திறந்திருக்கும் இடத்தில் குனிவாள். வாடை இல்லையென்றால் டீயை ஊற்றி நீட்டுவாள். வாடை இருந்தால், "அடடா, சீனி போட மறந்துட்டேங்க" என்பாள். உடனே செல்லசாமி ஸ்பேனரை எடுப்பார். நடு நீரில் மறுபடி முகர்ந்து சொல்ல ஆளில்லாததால், காலையில் கிளப்பிய எஞ்சினைத் திரும்பிக் கரைக்கு வரும்வரை அவர் நிறுத்துவதேயில்லை.

மூன்று வருடங்கள் இப்படி ஓடின. அப்புறம் படகின் அடிப்பலகை உளுத்து விரிந்தது. விடுதிக்குப் புதிதாக வந்த மேனேஜர் மதுரன் சொன்னார்: "ஹட்டன்ல முனாப் நானாகிட்ட பழைய பாய்மரப் படகு ரெண்டு வந்திருக்காம். ஒண்ணு பெட்ரோல், ஒண்ணு டீசல். எஞ்சின் விஷயம் எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதத்தான் வாங்குவேன்."

புறப்படும் காலையில் நாகலெட்சுமி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "பெட்ரோலையே சொல்லுங்க. பெட்ரோல்னாதான் அவங்களுக்கு நீங்க வேணும்."

"மூக்கு?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ வலப்பனைக்குப் போனியே, அன்னிக்கு?"

அவள் கை காலரிலேயே நின்றுவிட்டது.

அன்று தங்கை மகள் சடங்குக்காக அவள் வலப்பனை போயிருந்தாள். அவர் வழக்கம்போல மண்டியிட்டார், மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. பயணிகள் ஏறி உட்கார்ந்தார்கள். சுவிட்சில் விரலை வைத்த நேரத்தில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, பெட்ரோல் நாறுது!" என்றாள். எண்ணெய்க் குழாய் கீறல் விட்டு, படகின் அடியெல்லாம் பெட்ரோல்! காற்று சரியில்லை என்று பொய் சொல்லி எல்லோரையும் இறக்கிவிட்டார். அந்தக் குழந்தை போகும்போது அவருக்கு டாட்டா காட்டியது. அவருக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

ஹட்டனில் முனாப் நானாவின் முற்றத்தில் இரண்டு படகுகளும் கட்டைமேல் நின்றன. பெட்ரோல் படகின் எஞ்சின் பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடியது. விலையும் குறைவு. டீசல் படகு இருமிப் புகை கக்கி, அதில் ஏறி நின்ற மதுரன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையையே ஆட்டியது.

மதுரன் தொலைபேசியில் பேச ஒதுங்கியபோது முனாப் நானா கிட்டே வந்தார். "செல்லசாமி, பெட்ரோலையே சொல்லுங்க. அதப் பாக்க ஒங்கள மாதிரி ஆள் வேணும். டீசலுக்கு என்னத்துக்கு ஆள்? சாவியத் திருப்பினா முடிஞ்சி."

செல்லசாமி பெட்ரோல் படகின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெறுமை. அந்த இருட்டில் ஒரு பிஞ்சுக் கை டாட்டா காட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன முடிவு?" என்று மதுரன் திரும்பி வந்தார்.

"டீசல் சார்."

"இந்த ஆட்டம் ஆடுதே!"

"ஆடும் சார். கசிஞ்சாலும் பெட்ரோல் மாதிரி டப்புனு தீப் பிடிக்காது. புள்ளைங்க ஏறுற படகு."

"நம்ம குளிருக்குக் காலையில கிளம்புமா?"

"சாவியப் பாதி திருப்பி வச்சிட்டு, பத்து எண்ணணும். அப்புறம் முழுசா திருப்பினா கிளம்பிரும். தொந்தரவே குடுக்காது."

"அவ்வளவுதானா? யார் வேணும்னாலும் பண்ணலாமா?"

பெட்ரோல் படகின் மூடியைச் சாத்தியபடி செல்லசாமி சொன்னார்: "பண்ணலாம் சார்."

டீசல் படகு வந்த மூன்றாவது மாதம் மதுரன் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார். கொடுமைக்காரர் இல்லை, உட்காரச் சொல்லித்தான் கொடுத்தார். "படகுக்குன்னு தனி ஆள் வேணாம்னு கொழும்பு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஜெயகாந்தனே தோட்ட வேலையோட அதையும் பாத்துக்குவான். நீங்கதானே சொன்னீங்க செல்லசாமி, தொந்தரவே குடுக்காதுன்னு, யாரும் ஓட்டலாம்னு?"

எதற்காக அப்படிச் சொன்னேன் தெரியுமா என்று கத்த அவர் வாய் துடித்தது. என்னவென்று கத்துவது? மூக்கில்லாமல் மூன்று வருடம் பிள்ளைகளை ஏற்றிப் போனேன் என்றா? அதைச் சொன்னால் தியாகி என்றா கும்பிடுவார்கள்? போலீஸுக்கல்லவா சொல்லுவார்கள்! கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சாமான்கள் ஒரு முச்சக்கரவண்டிக்குள் அடங்கிவிட்டன. மைத்துனன் காம்பராவில் இனி எட்டாவது ஆளாகப் பாய் விரிக்க வேண்டும். மேல் ரோட்டு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார் செல்லசாமி. கீழே நீரில் அந்தப் படகு போய்க்கொண்டிருந்தது. காற்று விழுந்து பாய் தொங்கியது. பின்னால் ஜெயகாந்தன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி பயணிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். படகின் முன்பக்கம் இரண்டு பிள்ளைகள் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க டீசல்னு சொல்லாட்டி அதுங்களுக்கு என்னங்க ஆயிருக்கும்?" என்றாள் நாகலெட்சுமி, அவரைத் தேற்றுவதற்காக.

அவர் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தடவை, கரைக்குக் கிட்டேயாவது, அது இருமி நின்றுபோகட்டும் என்று காத்திருந்தார். என்னைக் கூப்பிட ஆள் அனுப்பட்டும் என்று காத்திருந்தார்.

நிற்கவில்லை. அவர் சொன்னபடியே, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் அது கரை சேர்ந்தது.