அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி ஓசூர் பக்கம் மத்திகிரிக்கு வந்தேன். கணவருக்கு மாட்டுப் பண்ணையில் குமாஸ்தா வேலை. மாமனார் ராகியும் அவரையும் பயிரிட்டார். நாத்தனார் ஓசூரில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதியிருந்தாள். பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. நேர்காணல் இங்கிலீஷில்தான் நடக்கும் என்றார்கள். நான் வேலூரில் ஒரு வருஷம் இன்டர் படித்தவள் என்பதால் அவளைத் தயார் செய்யும் வேலை எனக்கு வந்தது.

தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் வாய் ஓயாமல் பேசுகிறவள், இங்கிலீஷ் என்றதும் ஊமையாகிவிடுவாள். சமையலறையில் உட்கார்ந்து நான் கேள்வி கேட்பேன். உன் ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், ஏன் விஞ்ஞானம் படிக்க வேண்டும். பக்கத்தில் புளி ஆய்ந்துகொண்டே மாமியார் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள், "மதர் மதர்னு என்னமோ சொல்றாளே, என்னைப் பத்தியா?" என்றார்.

"ஆமாங்க அத்தை. எங்கம்மா வீட்டுல இருக்காங்க, எங்கம்மா வெக்கிற கொழம்பு மாதிரி எங்கயும் கெடைக்காதுன்னு சொல்றா."

"அடி போடி! அதையெல்லாமா காலேஜுல கேப்பாங்க?" என்று முகம் சிவக்கச் சிரித்தார்.

சித்திரையில் அவருக்கு விஷக் காய்ச்சல் கண்டது. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டு போனோம். பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த அன்றே மாமனாரின் அக்கா பேச்சை எடுத்தார். "தாய் செத்த வருசம் திரும்பறதுக்குள்ள புள்ளையக் கட்டிக் குடுத்துடு. இல்லாட்டி மூணு வருசம் காத்திருக்கணும்."

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காத்திருக்கலாங்க்கா. அதுவரைக்கும் படிக்கட்டும்" என்றார். அதற்குமேல் யார் சொல்லியும் அவர் மனம் மாறவில்லை.

மறுபடி பயிற்சியைத் தொடங்கினோம். அம்மாவைப் பற்றிய கேள்வி வரும் இடத்தில் நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அந்தப் பதிலைத் திருத்திச் சொல்லித்தர எனக்கு நாக்கு எழவில்லை.

நேர்காணலுக்கு மாமனாரும் நானும் கூடப் போனோம். வராந்தாவில் நாற்காலி இருந்தும் மாமனார் நின்றுகொண்டே இருந்தார். திரும்பும் பஸ்ஸில் மாமனார் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் அவள் என் காதருகே பேசினாள்.

"அம்மாவைப் பத்திக் கேட்டாங்க அண்ணி."

"என்ன சொன்னே?"

"பழக்கத்துல 'மை மதர் இஸ்'னு ஆரம்பிச்சிட்டேன். அப்பறம் நிறுத்தி, 'வாஸ்'னு மாத்திச் சொன்னேன். மேல பேச்சு வரல. கேள்வி கேட்ட அந்தம்மா எந்திரிச்சு வந்து தண்ணி குடுத்தாங்க."

"அழுதியா?"

"அங்க அழல."

அத்திப்பள்ளி தாண்டும்வரை என் தோளில் முகம் புதைத்து அழுதாள். மாமனார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடம் கிடைத்தது. அவள் தலையில் டிரங்குப் பெட்டியை ஏற்றவிடாமல் மாமனாரே சுமந்துபோய் ஹாஸ்டலில் விட்டார். வாட்ச்மேனிடம் கன்னடத்தில் நெடுநேரம் பேசினாராம். தள்ளி நின்றதால் என்ன பேசினார் என்று அவளுக்கும் தெரியவில்லை.

பிறகு அவள் பட்டம் வாங்கினாள், கிருஷ்ணகிரியில் விஞ்ஞான ஆசிரியையானாள், தாமதமாகவே கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முதல் தசரா லீவுதான். இளைத்துப்போய் வந்தவள் பாயில் படுத்ததும் தூங்கிப்போனாள். பொழுது சாயும்வரை எழவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர்களை மாமனார் வாசலிலேயே நிறுத்தி, "தூங்கறா, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.