ஆம்ப்ரோஸ் லாடின் தாடி

போன மார்ச் மாதம் ப்ரூவெட் இறந்துபோனார். இனி நான் வாயைத் திறக்கலாம்.

எங்கள் தார்ன்சீ ஊர்ப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். இருபது வருஷமாக அவர்மேல் எனக்கு ஆத்திரம். எங்கள் வீட்டுப் பூனைக்கு அடியில் விரிக்கக்கூட அந்தப் பேப்பரை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. காரணம், மோரிஸ் ஹெப்டன். எங்கள் எம்பயர் கொட்டகையில் பதினாறு வருஷம் நடித்தவர். அந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு நாடக விமர்சனத்தில்கூட ப்ரூவெட் அவர் பெயரை எழுதியதில்லை. மோரிஸ் செத்தபோது ஆறு வரி எழுதினார். அதிலும் நாலு வரி வேறொரு ஆளைப் பற்றி.

நான் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மீன்பிடிக் கப்பலில் ஏறியவன். முதுகு போனதும் கரைக்கு வந்து எம்பயரில் திரைக்கயிறு இழுக்கச் சேர்ந்தேன். மேடைக்கு இருபதடி உயரத்தில் ஒரு பரண். அங்கிருந்து பார்த்தால் நடிகர்களின் உச்சந்தலைதான் தெரியும். மோரிஸின் உச்சந்தலையில் ஆறு பென்ஸ் நாணயம் அளவுக்கு ஒரு வழுக்கை. அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததையும் மேலேயிருந்து பார்த்தவன் நான்.

ஹாலிஃபாக்ஸில் பஸ் கண்டக்டரின் மகன் அவர். பதினேழு வயதில் யாரோ ஒரு ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்றார். பிறகு நாற்பது வருஷம் கதவைத் திறந்துவிட்டார், தட்டில் டீ கொண்டுவந்தார், முக்கியமாகச் செத்தார். கொலை நாடகம் என்றால் முதல் பிணம் மோரிஸ்தான். சுட்டிருக்கிறார்கள், குத்தியிருக்கிறார்கள், நஞ்சு வைத்திருக்கிறார்கள், ஒரு தடவை பியானோவைத் தலையில் போட்டிருக்கிறார்கள். முதல் காட்சியில் செத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது, கடைசியில் வந்து வணக்கம் சொல்ல வேண்டும். அதுவரை அறையில் உட்கார்ந்து மனைவி பெரிலுக்கு ஸ்வெட்டர் பின்னுவார். இடைவேளையில் தெரியாத்தனமாக அந்த அறைப்பக்கம் வருகிறவர்கள், நெற்றியில் குண்டுக்காயத்தோடு ஒருவர் கம்பளி பின்னுவதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போவார்கள்.

டெலிவிஷனிலும் ஒரு தடவை வந்தார். போலீஸ் தொடர். ஊரெல்லாம் சொல்லிவைத்தார். நானும் மாமியாரை உட்காரவைத்துக் காத்திருந்தேன். காட்டியது அவர் முதுகை.

மறுநாள் கேட்டேன். "என்ன மோரிஸ், மூஞ்சிய வீட்லயே வெச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"முதுகு எப்படி இருந்துச்சு பெர்ட்?"

"அருமையான முதுகு."

"அது போதும்" என்றார். ஆனால் போதவில்லை. ஒரே ஒரு தடவை, முகம் தெரிய, பெயர் சொல்ல ஒரு வேடம் திரையில் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அந்தக் கட்டடத்தில் அது தெரியாத எலி கிடையாது.

இப்போது ஆம்ப்ரோஸ் லாடைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஆளே கிடையாது. ஒரே நடிகர் இரண்டு வேடம் போட்டால், இரண்டாவது வேடத்துக்கு நேரே ஒரு பொய்ப் பெயரை அச்சடிப்பது நாடகக்காரர்களின் பழைய வழக்கம். ஆள் பஞ்சம் என்று சனங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதல்லவா? எங்கள் கொட்டகையில் அந்தப் பெயர் ஆம்ப்ரோஸ் லாட். நான் வருவதற்கு முன்பே ஐம்பது வருஷமாக அவர் எம்பயரில் நடித்துக்கொண்டிருந்தார். எங்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு சமயம் லாடாக இருந்தவர்கள்தான். நானே ஒரு தடவை அந்தப் பெயரில், இரண்டு பேர் சேர்ந்து போடும் குதிரை வேடத்தின் பின்பாதியாக இருந்திருக்கிறேன்.

எழுபத்தொன்பது கோடையில் ஒரு கலங்கரை விளக்கக் கொலை நாடகம் போட்டோம். மோரிஸ் முதல் அங்கத்தில் ஒரு கர்னல். மழுங்கச் சிரைத்த முகம், எட்டாவது நிமிஷத்தில் சுடப்பட்டுச் சாவார். மூன்றாவது அங்கத்தில் மார்புவரை தாடி ஒட்டிக்கொண்டு, கிழட்டு விளக்குக்காரராக வந்து, கொன்றது யார் என்று சொல்வார். மொத்தமே ஏழு நிமிஷம். அச்சடித்த தாளில் கர்னல், மோரிஸ் ஹெப்டன். விளக்குக்காரர், ஆம்ப்ரோஸ் லாட்.

திங்கட்கிழமை முதல் காட்சிக்கு ப்ரூவெட் வந்தார். புதன்கிழமை பேப்பரில் எழுதினார். "மற்றவர்கள் வசனம் சொன்னார்கள். லாட் ஒருவர்தான் வாழ்ந்தார். இந்த மனிதரை இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள்?" கர்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேடைப் பொறுப்பாளர் டோரீன் அதைச் சத்தமாகப் படித்தாள். அதட்டினால் நிர்வாகியே அடங்கிப்போகிற பெண் அவள். படித்துவிட்டு, "வாழ்த்துக்கள் மிஸ்டர் லாட். அந்த கர்னல் வேஷம் போடறாரே, அவரத்தான் மாத்தணும்" என்றாள்.

"அவன் பாவம், குடும்பஸ்தன். விட்டுடு" என்றார் மோரிஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. லீட்ஸில் ஒரு டெலிவிஷன் கம்பெனிக்கு நடிகர்களைப் பொறுக்கி எடுக்கும் மிஸ் ஆஷ்கோம் எழுதியது. விமர்சனம் படித்தாராம், சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வருகிறாராம். ஆறு வாரத் தொடரில் ஒரு கிழட்டு மதுக்கடைக்காரர் வேடம் இருக்கிறதாம். காட்சி முடிந்ததும் மிஸ்டர் ஆம்ப்ரோஸ் லாடைச் சந்திக்க வேண்டுமாம்.

"நான்தான் லாட்னு சொல்லிட்டாப் போச்சு" என்றேன்.

"அந்தம்மா என்னய மூணு தடவ வேணாம்னு அனுப்பியிருக்கு பெர்ட். கதவத் திறந்துவிடற மூஞ்சின்னு சொல்லிச்சு. நான்தான்னு சொன்னா 'ஓ, நீங்களா'ன்னு இழுக்கும். அந்த 'ஓ'வ இன்னொரு தடவ கேக்க என்னால முடியாது. தாடியோடவே போய்ப் பாக்கப்போறேன்."

"ஆறு வாரமும் தாடியோடவா?"

"தேவப்பட்டா தாடியோடவே தூங்குவேன். பெரில்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தலகாணி ஒறைல பசை ஒட்டுச்சுன்னா நீங்கதான் தொவைக்கணும்னு சொல்லிட்டா."

சனிக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. மதியக் காட்சிக்கு வருகிறவர்கள் கடற்கரை விடுதிகளில் தங்கியிருக்கும் பென்ஷன்காரர்கள். தாளில் போட்டிருப்பதைப் படிப்பார்கள், மிட்டாய் சாப்பிடுவார்கள், சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு விஷயம் அன்று சரியில்லை. ஒன்று, பசை. கர்னல் செத்த பிறகு தாடி ஒட்டுவார் மோரிஸ். அன்றைக்கு அந்தம்மாவோடு டீ குடிக்கும்வரை தாங்க வேண்டுமே என்று மூன்று மடங்கு பூசியிருக்கிறார். பசை அதிகமானால் காயாது. நடிக்க வந்த முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற விஷயம் அது. நாற்பது வருஷம் ஒட்டியவர் அதை மறந்துபோனார்.

இரண்டாவது, பல்பு. திரை இறக்க எனக்கு அடையாளம் காட்டும் சின்ன பல்பு வியாழக்கிழமையே போய்விட்டது. புது பல்பு வரும்வரை டோரீன் கீழேயிருந்து மெதுவாக ஒரு விசில் அடிப்பாள், நான் கயிற்றை விடுவேன் என்று ஏற்பாடு. கொட்டகைக்குள் யாரும் விசில் அடிக்கக் கூடாது என்பது எங்களுக்கு வேதம். அந்தக் காலத்தில் பரணில் இருந்தவர்கள் எல்லாம் கப்பல்காரர்கள், விசிலுக்குத்தான் கயிறு விடுவார்கள். தெரியாமல் விசில் அடித்தவன் தலையில் மணல் மூட்டை இறங்கும். அதனால் வேறு விசில் வராது என்று நம்பினோம்.

மூன்றாவது அங்கம். எல்லோர் மீதும் சந்தேகம். விளக்குக்காரர் இப்போது உள்ளே வர வேண்டும். மேடை ஓரத்தில் மோரிஸ் தாடியோடு நிற்கிறார். டோரீன் பக்கத் திரை இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் காதில் சொன்னாளாம்: "நாலாவது வரிசைல இருக்காங்க. மிட்டாயக் கீழ வெச்சிட்டுப் பாக்கறாங்க." நாற்பது வருஷம் விசில் அடிக்காத மனுஷர், சந்தோஷத்தில் தன்னையறியாமல் மெல்ல ஒரு விசில் அடித்துவிட்டார்.

நான் கயிற்றை விட்டேன்.

திரை தடதடவென்று இறங்கியது. கொலைகாரர் யாரென்றே தெரியவில்லை, கதை முடிந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. முந்நூறு பென்ஷன்காரர்கள் ஒரே சமயத்தில் "என்னது?" என்றார்கள். மேலே இழுக்கப் பார்த்தேன். கயிறு உருளையைவிட்டு நழுவிச் சிக்கிக்கொண்டது. கப்பலில் கற்ற கெட்ட வார்த்தைகள் அத்தனையும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன.

கீழே டோரீன், "யாராவது வெளிய போய் எதையாவது பேசுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது கேட்டது. அடுத்த நொடி திரையின் பிளவு வழியாக மோரிஸ் வெளியே போனார். விளக்குக்காரராகவே போனார்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க" என்றார் அந்தக் கரகரத்த குரலில். "விளக்கு அணஞ்சுபோச்சு. மேல ஒரு ஆள் இருக்கான், அவன்தான் கயித்தச் சிக்கவெச்சுட்டான். நல்ல பையன். மீன் புடிச்ச கை, கொஞ்சம் மொரட்டுத்தனம். இப்ப எந்திரிச்சீங்கன்னா கப்பல் பாறைல மோதும், பாத்துக்கங்க."

சிரிப்பு கிளம்பியது. நான் மேலே தொங்கிக்கொண்டு சிக்கலை அவிழ்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதை, தனியாகக் கிறிஸ்துமஸ் விருந்து சமைத்ததை, காவலுக்கு வந்த கடல்பறவைக்குப் பெயர் வைத்ததை எல்லாம் சொன்னார். எந்த நாடகத்திலும் இல்லாத வசனம். முன்விளக்குகளின் சூட்டில் அந்தக் காயாத பசை இளகியது. தாடியின் இடது பக்கம் மெதுவாகக் கழன்று தொங்கியது.

நாலாவது வரிசையில் அந்த அம்மாள். மோரிஸ் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்திருக்கலாம். ஒரு கணம் நின்றார். பிறகு மீதித் தாடியையும் பிய்த்தெடுத்து, முதல் வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மாளிடம் குனிந்து நீட்டினார்.

"இத கொஞ்சம் புடிச்சுக்கங்க கண்ணு. ரொம்ப வருஷமாச் சொமக்கறேன்."

அந்தப் பாட்டி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அட, நீங்க செத்துப்போன கர்னலு."

"ஆமாங்க. பென்ஷன் பத்தல, ரெண்டாவது வேல பாக்கறேன்."

அவ்வளவுதான், கொட்டகை இடிந்துவிழும்போல் சிரித்தது. பிடித்த பரண் கம்பி என் கையில் அதிர்ந்தது. அதற்குள் கயிறு உருளையில் ஏறிவிட்டது. திரை உயர்ந்தது. மோரிஸ் திரும்பி, தாடியில்லாமலேயே, பழைய குரலிலேயே, கொலைகாரியை நோக்கிக் கையை நீட்டினார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தாடி இல்லாததை யாரும் நினைக்கவே இல்லை. பரணிலிருந்து பதினாறு வருஷம் பார்த்ததில் அந்த ஏழு நிமிஷத்துக்கு ஈடு கிடையாது.

காட்சி முடிந்து பின்வாசலில் மிஸ் ஆஷ்கோம் வந்து நின்றார். மோரிஸ் மோவாயில் பசைத் திட்டுகளோடு, கையில் கம்பளிப் பையோடு போனார். நான் பக்கத்தில் கயிறு சுருட்டுவதுபோல் நின்றுகொண்டேன்.

"மிஸ்டர் ஹெப்டன், உங்கள நான் ரெண்டு தடவ வேணாம்னு அனுப்பியிருக்கேன்."

"மூணு தடவங்க. ஒரு தடவ நீங்க சாப்பாட்டுக்குப் போயிட்டீங்க."

அவர் மோரிஸின் மோவாயில் இருந்த பசையைப் பார்த்தார். "அந்த மதுக்கடைக்காரருக்குத் தாடி கிடையாது, தெரியுமில்ல?"

"நல்லதாப் போச்சு. அத ஒரு பாட்டியம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ஆறு வாரம், முகம் தெரிய, கடைசியில் பெயர் ஓட நடித்தார் மோரிஸ். அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் பத்து வருஷம் வேலைக்குக் குறைவில்லை. தெருவில் போனால், "ஒரு கிளாஸ் ஊத்துங்க" என்பார்கள்.

ப்ரூவெட் என்ன எழுதினார் தெரியுமா? "நல்ல வேடம். மோரிஸ் ஹெப்டன் என்று ஒருவர் சுமாராகச் செய்கிறார். நம் ஆம்ப்ரோஸ் லாட் செய்திருந்தால் நாடே பேசியிருக்கும்."

படித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் குடிக்கிற கடைக்குக் கிளம்பினேன். மோரிஸ் என் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு பெர்ட். அந்த ஆளு வாழ்க்கைல ஒரே ஒரு நடிகன மனசாரப் புடிச்சிருக்கு. அது யாருன்னு எனக்குத் தெரியும். போதும்."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. ஆனாலும் லாட் யார் என்று ப்ரூவெட் காதில் விழவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மோரிஸ் செத்தபோது ப்ரூவெட் எழுதிய ஆறு வரியின் கடைசி வரி இதுதான்: "ஆம்ப்ரோஸ் லாட் என்ற மேதையோடு ஒரே மேடையில் நிற்கும் பேறு பெற்றவர்."

எழுபத்து மூன்று வயது மோரிஸுக்கு. ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்க்கப் போனபோது, பெரில் டீ வாங்கிவரக் கீழே போயிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரிடம், தான் எத்தனை விதமாகச் செத்திருக்கிறேன் என்று பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார். பியானோ வரைக்கும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வரச் சொல்லி, மேசை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு கட்டு கிறிஸ்துமஸ் கார்டுகள், எல்லாம் புதுசு.

"பதினஞ்சு வருஷமா ப்ரூவெட்டுக்கு அனுப்பறேன்" என்றார். "போற ஊர்லேர்ந்தெல்லாம் போடுவேன். எல்லாத்தையும் கணப்புக்கு மேல அடுக்கி வெச்சிருக்காராம். திடீர்னு நின்னா வருத்தப்படுவாரு பெர்ட். அவர் இருக்கற வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணு போட்டுடு. கீழ ஆம்ப்ரோஸ் லாட்னு கையெழுத்து. உறைய ஒட்டறப்ப பசைய மட்டும் அதிகமாப் போட்டுடாத."