தலையாட்டிக் கேட்ட பாடம்

தேயிலை ஃபாக்டரியில் இலை அரைக்கும் மெஷினோடு இருபத்தாறு வருஷம் நின்றவன் நான். அந்த இரைச்சலில், வேலையை மேற்பார்க்கும் டீமேக்கர் என்ன சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிடுவோம். பிறகு பக்கத்து ஆளிடம் விசாரித்துக்கொள்வோம். காது மந்தமான பிறகு எனக்கு இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், வீட்டுக்காரி தவிர வேறு யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

சர்க்கரை ஏறி இன்சுலின் எழுதிக் கொடுத்ததும், ஆசுபத்திரியில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து நர்ஸ் கிளாஸ் எடுத்தார். அந்த கிளாஸுக்கான செலவு எஸ்டேட் இன்சூரன்ஸில் சேரும். என் பக்கத்தில், கூட மெஷினில் நிற்கும் கூட்டாளி. அவர் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். வெளியே வந்து, "என்னய்யா சொன்னாங்க?" என்றேன். என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "தெனமும் தவறாம போடணுமாம்" என்று கத்தினார்.

தவறாமல் போட்டேன். கிருத்திகை விரதத்தன்றும் வெறும் வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போய், ஓடும் மெஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தேன். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் இதை எழுதக் கை இருந்திருக்காது.

சாப்பிடாமல் ஊசி போடக் கூடாது என்று கிளாஸில் சொல்லவில்லையா என்று ஆசுபத்திரியில் டாக்டரம்மா கேட்டாராம். நான் பழக்க தோஷத்தில் தலையாட்டியிருக்கிறேன். வீட்டுக்காரி பொறுக்க மாட்டாமல், தன் காதைத் தொட்டுக் காட்டிப் போட்டு உடைத்துவிட்டாள். எனக்கு அவள் மேல் அப்படியொரு கோபம்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு தாளில் எழுதி நீட்டினார்: 'கூட்டத்தோடு உட்கார்ந்து படிக்க உங்களுக்குக் காது கேட்காது என்று நான் காரணம் எழுதினால், தனியாகச் சொல்லித் தருவதும் இன்சூரன்ஸில் சேரும். எழுதட்டுமா?'

எழுதினால் ஃபாக்டரிக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரியைப் பார்த்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது. "எழுதுங்கம்மா" என்றேன்.

நர்ஸ் மூன்று நாள் என் எதிரே உட்கார்ந்து, உதடு தெரிய மெதுவாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். தலையாட்டினால் விடவே மாட்டார். அவ்வளவு பொறுமையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. இன்று நினைத்தாலும் அந்தப் பெண்ணைக் கும்பிடத் தோன்றுகிறது. பயந்தபடி வேலையும் போகவில்லை, பேக்கிங் பக்கம் மாற்றினார்கள்.

பாடம் முடிந்த அன்று சாயங்காலமே கூட்டாளி வீட்டுக்குப் போனேன். "சாப்பிடாம ஊசி போடக் கூடாதாம், தெரியுமாய்யா?" என்றேன். தலையாட்டினார். எனக்குச் சந்தேகம் தட்டியது. வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு, "உம்ம பேரு என்ன?" என்று கேட்டேன்.

அதற்கும் தலையாட்டினார். மறுநாள் காலையில் அவர் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.