மூலை வெட்டிய வரைபடம்

கச்சபேசன் மாஸ்டர் இறந்த செய்தி எங்கள் பாலிடெக்னிக்கின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் செவிலிமேட்டிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். செய்முறைத் தேர்வு அட்டவணைக்கும் தொலைந்துபோன ஒரு சாவியைப் பற்றிய அறிவிப்புக்கும் நடுவே அவருடைய பழைய புகைப்படம். அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் எதுவும் போடவில்லை. அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அந்தக் குழுவில் போடக்கூடியதாக இல்லை.

உங்களில் பலர் அவரிடம் கொல்லுப் பட்டறைப் பயிற்சி பெற்றவர்கள். நான் பக்கத்து அறையில் இயந்திர வரைபடம் கற்பித்தவள். மாணவர்களின் வரைபடங்களை எடுத்துக்கொண்டு வந்து, "பேப்பர்ல இரும்பு சொன்ன பேச்சு கேக்கும் மேடம். இங்க வந்து பாருங்க" என்பார். நெற்றி நிறையத் திருநீறு. நான் கோயிலுக்குப் போகாதவள் என்பது அவருக்குத் தீராத வேடிக்கை. "மேடத்துக்கு சாமி கிடையாது, மில்லிமீட்டர்தான்" என்று முதல்வர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். நான் சிரித்ததில்லை. அதற்காகவும் கிண்டல் செய்வார்.

செவிலிமேட்டில் வீட்டை ஒட்டி அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டின் தாழ்ப்பாளைச் சரிசெய்ய நான் அங்கே போயிருந்தேன். பாலாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். மனை வாங்கி விற்பவன். முனீஸ்வரன் கோயிலுக்கு வேண்டுதல், அரிவாள் செய்ய வேண்டும் என்றான். மாஸ்டர் அப்படிப் பல செய்திருக்கிறார். காணிக்கை அரிவாளுக்குக் கூர் கிடையாது. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக்குவதும் கிடையாது. பிடி வெறும் முளைதான், மண்ணில் நட்டுவிடுவார்கள். இவனோ லாரி வில்பட்டையில் வேண்டும், பிடி தன் கை அளவுக்கு வேண்டும் என்றான்.

"சாமிக்கு இன்னாத்துக்குபா கை அளவு?" என்று மாஸ்டர் சிரித்தார்.

"சாமி என் மேலதானே வருது? ஆடறப்ப நழுவிடக் கூடாது இல்ல?"

அவன் சொன்னது பொருத்தமாகவே இருந்தது. மூவரும் சிரித்தோம், நானும்தான். பிறகு அவன் இன்னொன்றும் கேட்டான். "தூக்கினா வெயிட்டே தெரியக் கூடாது. இறங்கினா தெரியணும்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "இது உங்க கணக்கு மேடம். வரைஞ்சு குடுங்க."

கிராப் தாளை மேசையில் விரித்தேன். அவன் வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். விரல்களைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்தேன். எடை எந்த இடத்தில் குவிய வேண்டும், வளைவு எங்கே தொடங்கினால் மணிக்கட்டு களைக்காது, முதுகின் கனம் முனைக்குப் போகப் போக எவ்வளவு குறைய வேண்டும். இறங்கும்போது எடை தெரிய வேண்டிய அவசியம் எந்தச் சாமிக்கு இருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கணக்குப் போட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

வாங்க வந்த அன்று, இறுக்கிக் கூர் வைத்துத் தரும்படி அவன் கேட்டான். "கோயில் அரிவாளுக்குத் தண்ணி காட்டமாட்டோம்பா" என்றார் மாஸ்டர். மாஸ்டர் அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் துருத்தியைப் போட்டார். பழுத்த இரும்பு தண்ணீருக்குள் இறங்கிய சத்தத்தை நாங்கள் மூவரும் கேட்டோம்.

அந்த வாரமே நடந்தது. அவனுடைய தங்கையின் கணவர் தணிகாசலம் ஓரிக்கையில் தறி வைத்திருந்தவர். மனைவிக்கு வர வேண்டிய நிலப் பங்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு முற்றியதும் தறியிலிருந்து எழுந்து வந்தார். அவன் வீச்சைத் தடுக்க வலது கையை உயர்த்தினார். ஒரே வெட்டு. மணிக்கட்டோடு போயிற்று. எங்கள் கணக்கில் பிழை இல்லை.

போலீஸ் மாஸ்டரைத் தேடி வந்தது. யார் அளவு கொடுத்தது என்று கேட்டார்கள். "எல்லாம் கண்ணளவுதான் சார்" என்றார். நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். தண்ணீர் காட்டியது தான்தான் என்பதையும், காட்டியிருக்கக் கூடாது என்பதையும் யாரும் கேட்காமலேயே சொன்னார். வெட்டியவன் அரிவாளே தன்னுடையதல்ல என்று சாதித்ததால், என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு வழியில்லாமல் போனது. அவன் சிறைக்குப் போனான். மாஸ்டரைக் கல்லூரி தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. நான் துறைத் தலைவர் ஆனேன். அவர் திரும்பி வந்த பிறகு தகர வேலை மட்டுமே கற்றுக்கொடுத்தார். உலையை ஏன் தொடுவதில்லை என்று கேட்ட மாணவர்களிடம் முதுகுவலி என்றார்.

நானும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் போயி நின்னா அந்தக் கை முளைச்சிடுமா மேடம்?" என்றார். மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். என் வரைபடம். வலது கீழ் மூலை, 'வரைந்தவர்' என்று நான் பெயர் எழுதியிருந்த கட்டம், தகரம் வெட்டும் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. "மூலையை அடுப்புல போட்டேன். மிச்சத்தப் போட மனசு வரல. அவ்ளோ அழகா வந்த பொருள இறுக்காம மெத்துனு குடுக்க அன்னிக்கும் மனசு வரல. அதுதான் நான் பண்ண தப்பு."

இரண்டு வருடம் கழித்து, தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைப் பிடித்து எறிய இரும்பில் ஒரு கொக்கி செய்தார். வெட்டுப்பட்ட கையில் மாட்டிக்கொள்ளத் தோல் வாரும் வைத்து, தணிகாசலம் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். தறியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் இடது கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். கொக்கியை ஏறிட்டுப் பார்த்தார், தொடவில்லை.

"உன் கையால எனக்கு ஒண்ணு செஞ்சிக் குடுத்தது போதும்பா."

மாஸ்டர் அதைத் திரும்பவும் துணியில் சுற்றினார்.

"இந்தம்மா யாரு?"

"காலேஜ்ல கூட வேலை செய்யறவங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

மாஸ்டரின் அடக்கம் முடிந்த மறுநாள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓரிக்கைக்குப் போனேன். வரைந்தது நான்தான் என்று சொன்னேன். தணிகாசலம் தாளை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது அவன் கையா?"

"ஆமாம்."

"கெழவன் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியே." இடது கையால் தாளை மடித்தார். "எத்தினி வருசம் வெச்சிக்கினு இருந்தீங்க?"

சொன்னேன்.

"நீங்களே வெச்சிக்கோங்கம்மா. அவன் கை இந்த வூட்ல இருக்க வாணாம்."

மன்னிப்பதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாஸ்டர் விட்டுப்போனதில் எனக்கு வந்து சேர்ந்தது அந்தத் தாள் மட்டுமே. கட்டத்தை நிரப்பாத வரைபடத்துக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டிய மூலைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டி, கட்டம் போட்டு, என் பெயரை எழுதியிருக்கிறேன். துறை அலுவலகத்தில் என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. பூட்டுவதில்லை.