கத்திரிக்காய் கூடாது

சயரோகத்துக்கு மாத்திரை வந்த புதிது. தென்காசியில் மருந்துக்கடையில் வேலை பார்த்த எனக்கு, எல்லாம் தெரிந்தவன் என்ற திமிர் உண்டு. என் மனைவிக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை நானே கடையிலிருந்து எடுத்துப் போனேன்.

"பத்தியம் என்ன?" என்றாள்.

"இது இங்கிலீஷ் மருந்துட்டி. எல்லாம் திங்கலாம்."

"கத்திரிக்காயுமா?"

"அதுந்தான்."

"குற்றாலத்துல சாரல் விழுதாம். அருவியில குளிக்கலாமா?"

"தாராளமா" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் பிறந்த இலஞ்சியில் ஒருவர் மருந்து சாப்பிட்டால், வீடே சேர்ந்து பத்தியம் இருக்கும். அது தெரிந்தும்தான் சிரித்தேன்.

சில மாதத்தில் படுத்த படுக்கையானாள். மாற்றுச்சேலை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு துணி முடிச்சில் அத்தனை மாத்திரைகளும் அப்படியே இருந்தன. ஏன் என்று கேட்டேன்.

"பிழைக்காதவளுக்குத்தான ஆசப்பட்டதெல்லாம் திங்கக் குடுப்பாவ" என்றாள் மெதுவாக. "நீங்களும் கைவிட்டுட்டியன்னு நெனச்சேன். ஒரு காய ஒதுக்கச் சொல்லியிருந்தியன்னா நம்பி முழுங்கியிருப்பேன்."

அதன்பின் கொடுத்த மாத்திரைகள் அவளைக் காப்பாற்றவில்லை. அடுத்த சாரலுக்கு அவள் இல்லை.

இன்றும் கடையில் யாராவது பத்தியம் கேட்டால், "மாத்திரை தீருத வரைக்கும் கத்திரிக்காய் கூடாது" என்கிறேன். பொய்தான். ஆனால் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் தேடுகிறேன்.

என் வீட்டிலும் கத்திரிக்காய் கிடையாது. அவளோடு சேர்ந்து இருந்திருக்க வேண்டிய பத்தியம் அது.