கோழிக்குக் குளியல்

நேற்று கொச்சி இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையில் முட்டைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ‘கழுவிச் சுத்தம் செய்தது’ என்று போட்டிருந்தது. நடுக்கடையில் நின்று தனியாகச் சிரித்தேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தான். இந்த விஷயத்தில் ஒரு குடும்பமே பிரிந்ததைப் பார்த்தவன் நான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் குமாஸ்தா வேலை. சுப்பையா சேட்டன் வீட்டு மாடியில் குடியிருந்தேன். என் சட்டையில் ஏறிய மிளகு நெடிக்கு, நான் படியில் கால் வைத்ததுமே கீழ்வீட்டில் தும்முவார்கள். சேட்டனும் அவர் மனைவி கோமதி சேச்சியும் தலைமுறைகளாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழர்கள்; பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். பிள்ளைகள் இல்லை, கோழிகள் இருந்தன.

முட்டையைக் கழுவித்தான் உடைக்க வேண்டும் என்பது சேட்டன் கட்சி. “அது எந்த வழியா வருதுன்னு உனக்கு அறியாதா?” என்பார்.

“கழுகினா அழுக்குத் தண்ணி ஓட்டு வழியா உள்ள போகும். நீங்க சும்மா இரிங்க,” என்பார் சேச்சி.

எனக்கு ஆம்லெட் வந்தால் போதும். இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

ஒரு நாள் சேச்சி கழுவாத முட்டையில் போட்ட ஆம்லெட்டை சேட்டன் தட்டோடு தள்ளிவிட்டார். சேச்சி கோழிகளைக் கூடையில் போட்டு மூடினார். படகேறி எர்ணாகுளத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் போல சேட்டன் சாயாவும் பழமுமாகக் கிடந்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு படகேறினார். மைத்துனர் வீட்டு வாசலில் நின்று, “கோமதீ, முட்டையைக் கழுக வேண்டாம். கோழியை நான் கழுகிக்கறேன்,” என்றார். சேச்சி முகத்தை இறுக்கிப் பார்த்தார்; சிரிப்பு வந்துவிட்டது.

சேட்டன் சொன்னதைச் செய்கிற மனிதர். சனிக்கிழமைதோறும் கிணற்றடியில் வெந்நீர், சந்தன சோப்பு. பிடித்துக்கொள்ள நான், துவட்ட சேச்சி. கையெல்லாம் கோழி கொத்திய காயங்களைப் பற்றி மண்டியில் என்ன சொல்வேன்? மணக்க மணக்கத் திரிந்த கோழிகள் சீக்கிரமே முட்டையிடுவதை அடியோடு நிறுத்திவிட்டன.

“கடையில் வாங்கலாமே?” என்றேன்.

“யார் வீட்டுக் கோழின்னு அறியாம எப்படி?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அப்புறம் அந்த வீட்டில் மீன்தான். குளியல் மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் அவர்கள் அப்படிச் சிரிப்பார்கள்.

எண்பதுகளில் ஊர் மாறிப் போனவன், இப்போதுதான் கொச்சிக்குத் திரும்பியிருக்கிறேன். போன மாதம்தான் அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. கிணற்றை மூடி மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். இருவரில் யார் முதலில் போனார், மற்றவர் எத்தனை காலம் தனியாக இருந்தார் என்று கேட்க, தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.