வழியில் கவிழ்ந்த கூழ்க்குடம்

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில், ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்கள் ஊர்வலம் கடக்கும்வரை நின்றுதான் போகின்றன. இங்கே வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள் ஷிப்டு முடிந்து வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குக் கூழ் ஊற்றுவது என் சித்தப்பா மகள். இந்த வயதிலும் அவளைச் சுற்றித்தான் சிரிப்புச் சத்தம். நான் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். இந்த வயதிலும் எனக்கு வயிறு எரியும்.

எரிச்சல் தொடங்கியது எங்கள் பத்து வயதில். அப்போது கம்பெனி எதுவும் வரவில்லை. நாங்களும் சித்தப்பா குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். ஒரு அடுப்புக்கு ஒரு குடம் என்பது ஊர் வழக்கம். வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகிய மண்குடத்தில் கூழைத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போகவேண்டும். அந்த ஒருத்தி நானாக இருக்கவேண்டும் என்று ஆனி முழுக்க மாட்டுக் கொட்டகையில் வெறும் செம்பைத் தலையில் வைத்து நடந்து பழகினேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கேட்க வாய் வராது.

குடம் யாருக்கு என்று தீர்மானிப்பவள் அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் இருவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சின்னவன் பொண்ணு தூக்கட்டும். இது எப்பவும் தரையப் பாத்துக்கினே நடக்குது. இது தலையில குடம் எப்டி நிக்கும்?"

உண்மைதான். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

ஊர்வலத்தில் அவள் முன்னால் போனாள். நான் கூட்டத்தோடு கூட்டமாக. குடம் சுமப்பவள் காலில் வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு செம்பு போதும். அன்றைக்கு எதிரெதிர் வீட்டுக்காரிகள் இரண்டுபேர் போட்டிபோட்டுக்கொண்டு தவலை தவலையாக ஊற்றினார்கள். இவளுக்கென்றால் தண்ணீர்கூட அளவில்லாமல் வருகிறதே என்று நான் பொருமிக்கொண்டிருக்கும்போதே சேற்றில் அவள் கால் வழுக்கியது. குடம் உடைந்து தலைமுதல் கால்வரை கூழ்.

பம்பைச் சத்தம் நின்றது. "அய்யய்யோ, ஆத்தா கோவிச்சிக்கினா!" என்று ஒருத்தி கத்தினாள். அத்தையின் முகம் வெளுத்துப்போனது. இனி இவள் அழுவாள், இனி இவளிடம் யாரும் குடத்தைக் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி.

அவள் சேற்றில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள். திறந்தபோது உதட்டில் வழிந்த கூழை நக்கினாள்.

"ஆத்தாவுக்குப் பசி தாங்கல அத்த. கோயில் வரைக்கும் இன்னாத்துக்குன்னு இங்கியே குடிச்சிட்டா."

முதலில் சிரித்தவர் பம்பைக்காரர். அப்புறம் தெருவே சிரித்தது, அத்தையும்தான்.

வீட்டில் மிஞ்சியிருந்த கூழை வேறு குடத்தில் ஊற்றி என் தலையில் வைத்தார்கள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நிமிர்ந்தே நடந்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை. பெண்டுகள் எல்லாரும் அவளைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். குடம் சுமந்தவள் குடத்தை உடைத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது எங்கள் ஊரில் அன்றுதான் நடந்திருக்கும்.

சாயங்காலம் கிணற்றடியில் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"உனுக்கு அழுவையே வராதாடி?"

"வந்துச்சி. தொண்ட வரைக்கும் வந்துச்சி," என்றாள், முடியில் காய்ந்துபோன கூழைப் பிய்த்துக்கொண்டே. "குடம் வுழுந்தாச்சி, அதுக்கு நான் இன்னா பண்றது? அழுவைய மட்டும் புடிச்சிக்கினேன். தண்ணி ஊத்துடி, அரிக்குது."

கடவுள் இவளுக்கு மட்டும் நோகாத மனசை வைத்துப் படைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மிச்சத் தண்ணீரை ஊற்றினேன். அவள் சொன்னது என் காதில் ஏறவேயில்லை. எனக்கு வருகிற அதே அழுகைதான் அவளுக்கும் வந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.